அதே பெயரில் இன்னொன்று

அன்று காலையில்தான் பெட்டியைப் பிரித்து வெளியே எடுத்த கம்ப்யூட்டர் அது. உள்ளே விசிறி சுற்ற ஆரம்பித்ததும், பின்பக்கத்து ஓட்டைகள் வழியே வந்த வெதுவெதுப்பான காற்றில் நீலகிரித் தைல வாசம் இருந்தது.

அனுசியா முதலில் தன் முந்தானையை முகர்ந்து பார்த்தாள். பிறகு கைக்குட்டையை. தைலம் தடவுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அறையில் வேறு ஆளும் இல்லை. ராஜபாளையத்திலிருந்து வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஊருக்குள் நுழைவதற்கு முன், ரோட்டோரம் கட்டி முடித்து இன்னும் ஒரு மூட்டைச் சரக்குகூட இறங்காத ஷெட் அது. முன்பக்கம் கண்ணாடித் தடுப்புப் போட்ட ஆபீஸ் ரூம். இடுப்பு உயரத்துக்கு ஒரு கவுண்டர், அதன் மேல் தராசும் லேபிள் பிரிண்டரும், அதற்கு உள்பக்கம் ஒரே ஒரு நாற்காலி. எந்தப் பக்கம் திரும்பினாலும் பெயிண்ட் வாசம்தான் அடிக்க வேண்டும், காலையிலிருந்து அதுதான் அடித்துக்கொண்டும் இருந்தது. இப்போது அந்தப் பெயிண்டுக்கு அடியில், ஜலதோஷம் பிடித்த யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தது மாதிரி, தைலம்.

டீ கொண்டுவந்த இசக்கியம்மாள் கவுண்டரில் டம்ளரை வைத்துவிட்டு மூக்கைச் சுருக்கினாள். ஷெட்டைப் பெருக்குவதும் சாவி வைத்திருப்பதும் அவள்தான்.

"தலவலியாம்மா? தைலம் தேச்சிருக்கிய போல."

"இல்லையே."

"கமகமன்னு அடிக்கே," என்று சொல்லிவிட்டு அவள் வாரியலோடு போய்விட்டாள். புது பிளாஸ்டிக் சூடானால் எல்லா வாசமும் வரும் என்று அனுசியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அவள் வந்த வேலை இதுதான். ராஜபாளையத்தில் கௌதம்ராஜின் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. தராசில் துணிக்கட்டு ஒன்றை வைத்தால் எடையை அதுவே எடுத்துக்கொள்ளும், லேபிளைத் தமிழிலும் இங்கிலீஷிலும் அடித்துத் தரும், கணக்கையும் பில்லுக்கு அனுப்பிவிடும். பார்க்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். தராசு ஓர் ஆதிகாலத்து வஸ்து. பிரிண்டர் வேறு எவனோ செய்தது. தமிழ் எழுத்தைக் கண்டால் இரண்டுக்கும் ஆகாது. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று பேச வைக்க யாரோ வருஷக்கணக்கில் ராஜபாளையத்து நாற்காலியில் உட்கார்ந்து மாரடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு வயராக. அதே ஏற்பாட்டை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் புது ஷெட்டிலும் அமைத்துத் தர வேண்டும் என்று முதலாளி சொன்னார். "நீங்கதான பண்ணீங்க, ஒங்களுக்கு இது பெரிய விசயமா அனுசியா?" என்றார்.

பண்ணியது அவள் இல்லை. பண்ணியது பிரிஸ்கில்லா.

பிரிஸ்கில்லாவுக்குப் பார்வை மங்கல். மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்துதான் வேலை பார்ப்பாள். எப்போதும் சளி, எப்போதும் கைக்குட்டையில் தைலம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். வேலையில் மூழ்கி பஸ்ஸை விட்டுவிடக்கூடாது என்று, சாயங்காலம் பஸ் நேரத்துக்கு லேபிள் பிரிண்டர் ஒரு தரம் கீச்சென்று கத்துகிற மாதிரி செய்து வைத்திருந்தாள். அது கத்தியதும் "ஏட்டி அனு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிடுவாள். வார் அறுந்து தைத்த ஒற்றைச் செருப்பு சரக், டப், சரக், டப் என்று கேட் வரை கேட்கும். அனுசியாவுக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் அவள்தான். கற்றுக்கொண்டதுதான் போதவில்லை.

நெஞ்சில் நீர் கோத்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயத்தில்தான் பெரிய முதலாளி காலமாகி, மகன் கௌதம்ராஜ் கம்பெனிக்கு வந்தார். லேபிள் தமிழில் விழுவதைப் பார்த்து அசந்துபோய், "யாரு இது பண்ணது?" என்று கேட்டார். நாற்காலியில் அனுசியா இருந்தாள். வாய் முந்திக்கொண்டது. "நாந்தான் சார்."

அதைக்கூட அப்புறம் திருத்தியிருக்கலாம். பிரிஸ்கில்லா திரும்பி வந்த அன்று நல்ல மழை. குடை இல்லாமல் நனைந்து வந்து, கவுண்டருக்கு அந்தப் பக்கம், வெளியாட்கள் நிற்கிற இடத்தில் நின்றாள். சேலை நுனியிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. முதலாளி மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க இனி ரெஸ்ட் எடுங்கம்மா. ஏன் அனுசியா, இவங்க பண்றதுக்கு இங்க எதாவது இருக்கா?"

பிரிஸ்கில்லா அவளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை. எல்லாம் அக்கா பண்ணியது என்று ஒரு வார்த்தை. அனுசியா தலையைத் திருப்பவில்லை. மும்முரமாக வேலை இருப்பது மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டு, கீபோர்டில் எழுத்து எதுவும் விழாத அந்த நீளக் கட்டையை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தாள். டக். டக். டக். அப்போது பிரிண்டர் கத்தியது.

"சரிட்டி அனு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சரக், டப், சரக், டப். சத்தம் கேட்டைத் தாண்டிய பிறகுதான் அனுசியா தலையைத் தூக்கினாள். போய்விட்டாளா என்று பார்த்தாள். போய்விட்டாள் என்று தெரிந்ததும் மூச்சு விட்டாள். இன்றைக்கும் அவளைக் குத்துவது அந்த மூச்சுதான். பொய் சொன்னதைவிட, வாயை மூடிக்கொண்டு இருந்ததைவிட, அந்த ஒரு மூச்சை நினைத்தால் உடம்பெல்லாம் கூசும். மறு வருஷம் பிரிஸ்கில்லா இறந்துபோனாள். சர்ச்சுக்குப் பின்னால் வீடு, கம்பெனியிலிருந்து வேன் வைத்துப் போனார்கள். அனுசியா காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

தெரிந்தவர்கள் என்றால் புதிய கம்ப்யூட்டரில் வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக அமைப்பார்கள். அவளுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்தால்தானே? போனில் வீடியோ பார்த்து, பழைய கம்ப்யூட்டரில் இருந்த அத்தனையையும் ஒரு துளி விடாமல் நகல் எடுத்து, புதியதில் அப்படியே ஏற்றிவிட்டாள். எதையும் விட்டுவிடவில்லை. எதையும் விட்டுவிட அவளுக்குத் தெரியாது.

திரை எழுந்தது. எழுத்தெல்லாம் கட்டைவிரல் அளவு. ராஜபாளையத்தில் அவள் எழுத்தை எப்போதோ சின்னதாக்கிவிட்டிருந்தாள். இங்கே எப்படிப் பெரிதானது? பழைய அமைப்பு அடியில் எங்கோ ஒளிந்து கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் கட்டைவிரல் எழுத்தில் ஒரு கட்டம் வந்து நின்றது. இதே பெயரில் இன்னொன்று ஏற்கெனவே இணைப்பில் இருக்கிறது என்றது.

இரண்டு ஊர்க் கம்ப்யூட்டர்களையும் ஒரே லைனில் சேர்த்துவிட்ட விக்னேஷ்வரனுக்குப் போன் போட்டாள். மதுரையில் இருக்கிற பையன், நல்லவன்.

"குளோன் பண்ணுனா அப்படித்தான்க்கா. பேரும் சேந்து வந்துரும். புதுசுக்கு வேற பேர் குடுங்க. ஒரே பேர்ல ரெண்டு ஒரு லைன்ல நிக்காது. ஒன்னு இன்னொன்ன வெளிய தள்ளிரும்."

"எதத் தள்ளும்?"

"பெரும்பாலும் மொதல்ல இருந்தது நிக்கும். பின்னால வந்தது போயிரும்."

பழைய கம்ப்யூட்டரின் பெயர் பிரிஸ்கி. அது இத்தனை நாளும் அப்படியே இருந்ததைக்கூட அவள் கவனித்ததில்லை. புதியதற்கு அனுசியா என்று பெயர் கொடுத்தாள். தராசு செத்துப்போனது. பிரிண்டர் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் துப்பியது. இரண்டு மூன்று விதமாகப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மறுபடி பிரிஸ்கி என்று போட்டாள். போட்டதுதான் தாமதம், லேபிள் சர்ரென்று அழகாக வந்து விழுந்தது.

"எல்லாத்தையும் அந்தப் பேர்லயே கட்டி வச்சிருக்காங்கக்கா," என்றான் விக்னேஷ்வரன். "செட் பண்ணவங்க யாரு? அவங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டா போதும்."

மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரக் கூரை மேல் முதலில் பொட்டுப் பொட்டாக, பிறகு மொத்தமாக.

"நாந்தான் தம்பி பண்ணேன்," என்றாள்.

"அப்ப ஒங்களுக்கே தெரியுமேக்கா." அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

போனை வைத்தாள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மேற்கே மலை இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம். கண்ணாடித் தடுப்பில் தண்ணீர் வழிந்தது, ரோட்டில் போகிற வண்டிகளின் விளக்கு அதில் கரைந்து சுவரெல்லாம் ஓடியது. தைல வாசம் கூடியிருந்தது. அதோடு இன்னொரு வாசமும், வெளுப்பு மருந்தில் ஊறிய ஈரத்துணியின் காரமான வாசம், ராஜபாளையம் ஆபீஸ் வாசம். இங்கேதான் இன்னும் ஒரு முழம் துணிகூட வரவில்லையே. அவள் உட்கார்ந்திருந்த புது நாற்காலி, அவள் அசையாதபோது, ஒரு தரம் கிரீச்சிட்டது.

பிரிண்டர் கத்தியது.

கீச்சென்று, நீளமாக, ஒரே ஒரு தரம். அவள் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தாள். பஸ் நேரம். அதையும் சேர்த்துத்தான் நகல் எடுத்திருக்கிறாள், வேறொன்றும் இல்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டே பார்த்தாள். திரையில் நின்றிருந்த கட்டம் தானாகவே மறைந்துவிட்டது. இன்னொன்று இப்போது லைனில் இல்லை. அப்பாடா என்று அவள் உட்காரப் போகும்போது போன் அடித்தது. ராஜபாளையம் வாட்ச்மேன் பாண்டி.

"ஏம்மா, நீங்க பாட்டுக்கு ரூமப் பூட்டாம போறியளே, நான் பூட்டிரவா?"

"நான் காலையிலயே பூட்டிட்டேனே அண்ணே."

"என்னம்மா வெளையாடுதிய. இப்பத்தான எந்திரிச்சு வெளிய போனிய. கூப்புட்டேன், திரும்பிப் பாக்கல. மழையில கொட இல்லாம போறியளேன்னுதான் போன் போட்டேன்."

"அண்ணே, நான் வில்லிபுத்தூர்ல இருக்கேன்."

அந்தப் பக்கம் மழைக்கு நடுவே ரூம் கதவை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"அப்ப போனது யாரு? அதே பச்சச் சேல. ஒங்க மொகந்தான், நான் பாத்தேன்லா. ஆனா ஒரு மாதிரி குனிஞ்சுகிட்டே, கண்ணு தெரியாதவுக நடக்காப்புல போனிய. செருப்பு வேற அறுந்துருக்கும் போல, இழுத்து இழுத்து..." அதற்குள் லைன் போய்விட்டது.

அவள் குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். பச்சை.

திரும்பப் போட்டாள். கிடைக்கவில்லை. இசக்கியம்மாளைக் கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிட்டு என்னவென்று சொல்வது? யாரோ ஒருத்தி என் முகத்தோடு ராஜபாளையத்தில் நடந்து போகிறாள் என்றா? யார் என்று கேட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பயத்திலும் வெட்கம்தான் முன்னால் வந்து வாயைப் பொத்தியது. அதை நினைக்க அவளுக்கே கேவலமாக இருந்தது.

போன் மறுபடி அடித்தது. கௌதம்ராஜ், காரில் இருந்து.

"அனுசியா, ஒங்கள பஸ் ஸ்டாப்ல பாத்தேன், கார நிறுத்துறதுக்குள்ள வில்லிபுத்தூர் பஸ்ல ஏறிட்டீங்க. எதுக்கு வந்துட்டுத் திரும்பிப் போறீங்க? சரி, நானும் பின்னாலயேதான் வாரேன். அங்க எல்லாம் ரெடியா?"

"ரெடி சார்."

"பேஷ். இந்தக் கம்பெனியில இது ஒங்க ஒருத்தராலதான் ஆச்சு. வேற யாராலயும் ஆயிருக்காது, இல்லையா?"

தைல வாசம் இப்போது கழுத்துக்குப் பின்னால், மூச்சு படுகிற தூரத்தில் நின்றது. சொல்லிவிடு. இப்போதாவது. ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் வந்துகொண்டிருப்பது வழியிலேயே இறங்கிக்கொள்ளும் என்று அவளுக்கு ஏனோ திண்ணமாகத் தோன்றியது. பொய்க்காரி என்பார். செத்தவளின் உழைப்பைத் தின்றவள் என்று கம்பெனி முழுக்கப் பேசுவார்கள். பேசட்டுமே. வாயைத் திறந்தாள்.

"ஆமா சார்," என்றது வாய்.

போன் அவள் கையிலேயே அணைந்துபோனது.

பிறகு அவள் செய்ததெல்லாம் கேட்பதுதான். ரோட்டில் ஒவ்வொரு வண்டியையும். லாரி. பைக். இன்னொரு லாரி. அந்த பஸ் எங்கெங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். மில் வாசலில் நிற்கும். ஆட்களை இறக்கும். மறுபடி கிளம்பும். ஜன்னலோரம் ஒருத்தி நனைந்த சேலையோடு, குனிந்த தலையோடு. என் முகத்தோடு. ஓடிவிடலாம். எங்கே ஓட? ரோட்டுக்குத்தான் ஓட வேண்டும். ரோட்டில்தான் அது வருகிறது.

கம்ப்யூட்டரை அணைக்கப் போனாள். கடவுச்சொல் கேட்டது. போட்டாள். தவறு என்றது. மறுபடி. தவறு. பிளக்கைப் பிடுங்கினாள். யு.பி.எஸ். பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது. திரை அணையவில்லை. விசிறி சுற்றியது. வெதுவெதுப்பான காற்று.

பெரிய வண்டி. வேகம் குறைந்தது. கண்டக்டர் விசில்.

திரையில் கட்டம் வந்தது. இதே பெயரில் இன்னொன்று ஏற்கெனவே இணைப்பில் இருக்கிறது.

அவள் நாற்காலியிலிருந்து விலகினாள். சுவரோடு நகர்ந்தாள். கவுண்டரைச் சுற்றிக்கொண்டு, கதவுப் பக்கம். பஸ் கிளம்பியது. மழை. மழைக்குள்ளே.

சரக். டப்.

சரக். டப்.

கேட் திறக்கிற சத்தம். இசக்கியம்மாளின் குரல், சாதாரணமாக, "வாங்கம்மா, எப்ப வெளிய போனிய? இம்புட்டு மழையில."

கண்ணாடிக் கதவு திறந்தது. பச்சைச் சேலை. அனுசியாவின் நெற்றி, அனுசியாவின் பொட்டு, இடது கன்னத்தில் அனுசியாவின் மச்சம். அவளைத் தொடுகிற தூரத்தில் கடந்து போனது. அவள் பக்கம் திரும்பவில்லை. மழையில் வந்த உருவத்தின் மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தது. நாற்காலி கிரீச்சிட்டது. மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்தது. கட்டம் மறைந்தது.

அனுசியா கதவைத் தாண்டி வெளியே போக நினைத்தாள். கால் வரவில்லை. அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. கௌதம்ராஜ் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்து, பிரிண்டரிலிருந்து ஒரு லேபிளைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பரவால்லையே அனுசியா. அங்க இருந்தத அப்படியே கொண்டாந்துட்டீங்களே." அவர் பேசியது நாற்காலியைப் பார்த்து.

பிறகு கவுண்டருக்கு வெளியே நின்றவளைப் பார்த்தார். தெரியாதவர்களைப் பார்க்கிற பார்வை, மரியாதையான பார்வை.

"யாரு இந்தம்மா?"

"தெரியலையே சாமி," என்றாள் இசக்கியம்மாள். "மழைக்கு ஒதுங்கி நிக்காவ போல. தர பூராம் ஈரம் பண்ணிட்டாவளே."

அனுசியா குனிந்து பார்த்தாள். காலையிலிருந்து மழையில் இறங்காத அவளுடைய சேலை நுனியிலிருந்து தண்ணீர் புதுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேல கேட்டு வந்துருக்காங்களோ என்னவோ," என்றார் கௌதம்ராஜ். "ஏன் அனுசியா, இவங்க பண்றதுக்கு இங்க எதாவது இருக்கா?"

சார், நான்தான் அனுசியா. சொல்ல முயன்றாள். இருமல்தான் வந்தது. நெஞ்சடியிலிருந்து, ஈரமாக, தைல வாசத்தோடு. நாற்காலியில் இருக்கிறவளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த முகம் திரும்பவில்லை. கை மட்டும் அசைந்தது, எழுத்து விழாத அந்த நீளக் கட்டையின் மேல்.

டக். டக். டக்.

பிரிண்டர் கத்தியது. அன்றைக்கு இரண்டாவது தரம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் சொல்லாமலே அவள் கால்கள் திரும்பின. கதவைத் தாண்டி, படியில் இறங்கி, மழைக்குள். வலது செருப்பின் வார் தளர்ந்துபோய் இழுத்தது. சரக். டப். சரக். டப். கேட் வரைக்கும் அந்தச் சத்தத்தை அவளே கேட்டுக்கொண்டு போனாள்.

கேட்டைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தாள். இருட்டிவந்த ரோட்டோரத்தில் அந்தக் கண்ணாடி அறை மட்டும் பளிச்சென்று இருந்தது. உள்ளே, நாற்காலியில், அவளுடைய முகம் மெதுவாக நிமிர்ந்தது. அவள் போய்விட்டாளா என்று கேட் பக்கம் பார்த்தது. பார்த்துவிட்டு, மூச்சு விட்டது.